தொழில் என்ற கட்டம்

ராத்தா மகன் விடுமுறை முழுக்க ஸ்கைரிம் ஆடிக்கொண்டிருந்தான். கீழக்கரை வீட்டில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த வாப்பா கேட்டார்: "இவன் யாருடா? சிப்பாயா, மந்திரவாதியா?"

"அப்டில்லாம் ஒண்ணும் இல்ல. எதைச் செய்றானோ அதுதான் இவன்."

வாப்பா கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு, "நல்ல ஊரா இருக்கே" என்றார்.

அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பது எனக்குப் புரிந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

பாத்திரமேற்று ஆடும் விளையாட்டுகளில் 'கிளாஸ்' என்ற ஏற்பாடு 1974இல் வெளிவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸிலிருந்து வருகிறது. போர்வீரன், மந்திரவாதி, மதகுரு என்று மூன்றே பேர். ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் நீங்கள் கற்கக்கூடியதும் கூடாததும் முடிவாகிவிடும். தமிழில் இதை 'வகுப்பு' என்று எழுதினால் வேறு அர்த்தங்களும் கூடவே வந்து நிற்கின்றன. வகுப்புவாரி, வகுப்புக் கலவரம் என்றெல்லாம் பேசிப் பழகியவர்கள் நாம். வகுப்பே இல்லாத விளையாட்டு என்று கேட்டதும் நம் காதுக்கு அது விடுதலையாகத் தெரிவதில் வியப்பில்லை.

1978இல் வந்த ரூன்குவெஸ்ட் அந்தக் கட்டங்களை எடுத்துவிட்டது. வாள் வீசினால் வாள்வீச்சு வளரும், அவ்வளவுதான். கணினியில் இந்த முறையைப் பரவலாக்கிய எல்டர் ஸ்க்ரோல்ஸ் வரிசை மட்டும் வகுப்பை உடனே விடவில்லை. 2002இல் வந்த மாரோவிண்ட் தொடங்கும் விதத்தைப் பாருங்கள். கைதியாகக் கப்பலில் வந்து ஒரு சின்னத் துறைமுகத்தில் இறங்குகிறீர்கள். குடிக்கணக்கு அலுவலகத்தில் ஒரு கிழவர் உங்கள் வகுப்பைக் கேட்டு எழுதிக்கொள்கிறார். உள்ளே இருபத்தேழு திறன்கள் உண்டு. எதைப் பழகினாலும் அது வளரும். ஆனால் உங்கள் வகுப்புக்குரிய பத்துத் திறன்களில் வளர்ந்தால் மட்டுமே அடுத்த நிலைக்கு ஏறமுடியும். மற்றவை வளர்ந்தாலும் அந்தக் கணக்கில் சேராது.

வாப்பா எண்பதுகளில் துபாய்க்குப் போனபோது விசாவில் தொழில் என்ற கட்டத்தில் 'லேபர்' என்று இருந்தது. இரண்டு வருசம் சுமை தூக்கினார். பிறகு சமையல், பிறகு ஸ்டோர், கடைசிப் பன்னிரண்டு வருசம் ஸ்டோர் கணக்கு முழுவதும் அவர் கையில். அரபு பேசினார், மலையாளம் பேசினார், உருது பேசினார். கட்டம் மட்டும் மாறவில்லை. குடும்ப விசாவுக்கு அப்போது தொழிலும் சம்பளமும் பார்த்தார்கள் என்பதால் உம்மா ஒருநாள்கூட அங்கே போகவில்லை. மாரோவிண்டின் விதியை எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

2011இல் ஸ்கைரிம் அந்தக் கிழவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. பதினெட்டுத் திறன்கள், எது வளர்ந்தாலும் கணக்கில் சேரும். வகுப்பில்லா முறையின் சாரம் இதுதான் என்று நினைக்கிறேன். அது தரும் பெரிய விசயம் தேர்வுச் சுதந்திரம் அல்ல, செய்த வேலை எல்லாவற்றுக்கும் கணக்கு வைப்பது.

ஆனால் இங்கே இரண்டு குறைகள் உண்டு. முதலாவது, தொழிலை அழித்தவர்கள் பிறப்பை அழிக்கவில்லை. தொடக்கத்தில் பத்து இனங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆகவேண்டும். ஒவ்வோர் இனத்துக்கும் பிறவித் திறன் எண்ணிக்கை உண்டு. போகப்போக அந்த வித்தியாசம் கரைந்துவிடும் என்பது உண்மைதான். வெளியே அப்படிக் கரைவதில்லை.

இரண்டாவது குறை இதைவிடப் பெரியது. ஸ்கைரிமில் பழகுவதற்குச் செலவே இல்லை. வெளியான புதிதில் கொல்லன் பட்டறையில் நின்று நூற்றுக்கணக்கில் இரும்புக் குத்துவாள் அடித்தே தலைசிறந்த கொல்லனானார்கள். பிறகு பொருளின் மதிப்புக்கேற்ற பலன் என்று விதியை மாற்ற வேண்டியிருந்தது. எல்லாம் ஆகலாம் என்றதும் முக்கால்வாசிப் பேர் ஒளிந்து அம்பெய்யும் ஆளாகவே முடிகிறார்கள் என்பது ஆடுகிறவர்களிடையே பழைய கேலி.

எங்கள் கடலில் சங்கு குளித்தவர்களும் செய்துதான் கற்றார்கள். மணலில் சங்கு ஊர்ந்த தடத்தைப் பிடிக்கும் கண்ணும், காதுவலி தாங்கும் பழக்கமும் பள்ளிக்கூடத்தில் வருவதல்ல. ஆனால் ஒவ்வொரு முங்கலுக்கும் ஒரு மூச்சு செலவு. அந்த மூச்சு இருக்கும்வரைதான் தேடமுடியும். ரூன்குவெஸ்டுக்கு இது தெரிந்திருந்தது. களத்தில் ஜெயித்த திறனுக்கு வளர வாய்ப்பு. அதிலும், அதிகம் தெரிந்தவனுக்கு மேலே ஏறுவது கடினமாகிக்கொண்டே போகும். முப்பத்து மூன்று ஆண்டுக்குப் பிறகு வந்த விளையாட்டு இதைக் கைவிட்டது ஒரு பின்னடைவுதான்.

இதையெல்லாம் வாப்பாவிடம் சொன்னேன். கவனமாகக் கேட்டார்.

"குறை இருக்கட்டும்" என்றார். "இவன் சமைச்சாக் கணக்குல ஏறுமா?"

சமையலுக்கு ஸ்கைரிமில் திறன் எண்ணிக்கை கிடையாது. சொல்லத் தயங்கினேன். பையன் முந்திக்கொண்டு, "அது ஏறாது" என்றான்.

வாப்பா சிரித்தார்.