சேர்வராயன் காபியும் டி.என்.ஏ. சோதனையும்

சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820-களில் சேர்வராயன் மலையில் காபியைக் கொண்டுவந்தார். இன்று ஏற்காட்டைச் சுற்றி, சில்வர் ஓக் நிழலில் மிளகுக் கொடிகளோடு வளர்வது பெரும்பாலும் அராபிகாதான். அதில் எஸ்.795, காவேரி, சந்திரகிரி என்று ரகங்கள் பல. நெட்டை எது, குட்டை எது என்று கண்ணால் சொல்லிவிடலாம். நாற்றங்காலில் நாலு இலை விட்ட கன்று எந்த ரகம், கலப்பில்லாததா என்பதை அப்படிச் சொல்ல முடியாது. டி.என்.ஏ. குறிப்பான்களுக்கு வேலை வருவது இங்கேதான்.

செடிக்குச் செடி வேறுபடும் சிறு டி.என்.ஏ. பகுதிகளே குறிப்பான்கள். இலைத்துண்டு ஒன்று போதும். உதாரணமாக, பாதாம் ரகங்களை ஆராய இந்த முறை மிகவும் உதவியது. பெரும்பாலான பாதாம் மரங்கள் தம் சொந்த மகரந்தத்தை ஏற்காமல் அயல்மரத்தோடுதான் சேரும். அதனால் விதைக்கு விதை புதுக் கலவை, குறிப்பான்களுக்கும் நல்ல விளைச்சல். அராபிகா நேர்மாறானது. பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருவுறுவது அதன் இயல்பு. அதற்கும் முன்னே, யூஜெனியாய்டஸ், ரோபஸ்டா என்ற இரண்டு காபி இனங்கள் தற்செயலாகக் கூடியதில் பிறந்த இனம் அது. 2020-இல் வெளிவந்த மரபணு ஆய்வு, அந்தக் கூடல் ஒரே ஒருமுறை நிகழ்ந்தது என்றும், உலகத்து அராபிகாவின் பன்மை மிகக் குறுகியிருப்பதற்கு அதுவே காரணம் என்றும் காட்டியது.

இந்தக் குறுகலுக்குள் வேறுபாட்டைக் கண்டுபிடிப்பதில் குறிப்பான்களின் பெருமை உண்மையானது. எஸ்.795-இன் வம்சத்தையே பாருங்கள். அராபிகாவும் லைபீரிகா என்ற இன்னொரு காபி இனமும் இயற்கையாகக் கலந்த செடி ஒன்றின் வழிவந்தது எஸ்.288, அதைக் கென்ட் ரகத்தோடு சேர்த்து பாலேஹொன்னூர் காபி ஆராய்ச்சி நிலையம் உருவாக்கியதே எஸ்.795. இலைத்துரு நோயைத் தடுக்கும் எஸ்.எச்.3 என்ற மரபணு லைபீரிகாவிலிருந்து வந்த சீதனம். அதை ஒட்டிய குறிப்பான்கள் இப்போது கைவசம் உண்டு. ஒரு செடியில் எதிர்ப்பு மரபணு ஒன்றா இரண்டா என்பதை நோய்க்கிருமியைப் பூசிப் பார்த்துச் சொல்வது கடினம். ஒன்றே காத்துவிட்டால் மற்றது வெளியே தெரியாது. குறிப்பான் இரண்டையும் தனித்தனியே காட்டிவிடும். ஒற்றை எதிர்ப்பை உடைத்துக்கொண்டு புதுப்புது துரு வகைகள் வரும் பயிரில் இது பெரிய பலம். வேறெதையும் செய்யாவிட்டாலும் இந்த ஒன்றுக்காகவே இந்த முறையை ஆதரிப்பேன்.

என் ஆட்சேபம், இதே கருவியால் ‘பன்மை’யை அளக்கும்போது எழுகிறது. அராபிகாவில் 44 குரோமோசோம்கள், இரு மூதாதையரிடமிருந்து பாதிப்பாதி. அதனால் ஒரு குறிப்பானிடத்தில் இரு வடிவங்கள் தெரிந்தால், அவை இரண்டு மூதாதையரின் பங்குகளாக இருக்கலாம். எல்லாச் செடியிலும் அந்த இரண்டும் மாறாமல் இருக்கும். பாதாம் போன்ற எளிய இரட்டைக் குரோமோசோம்தொகுதிப் பயிருக்கான கணக்கை அப்படியே பொருத்தினால் இது கலப்புத்தன்மை என்று பதிவாகும். இல்லாத பன்மை தாளில் ஏறும். ஆர்.ஏ.பி.டி. என்ற பழைய குறிப்பான் முறை இதில் இன்னும் பலவீனம். அதில் டி.என்.ஏ. பட்டை உண்டு அல்லது இல்லை என்பதற்கு மேல் விவரமில்லை. ஆய்வகம் மாறினால் பட்டைகளும் மாறிவிடும். ஹைதராபாத் சி.சி.எம்.பி. ரோபஸ்டாவிலிருந்து உருவாக்கிய நுண்தொடர் குறிப்பான்கள் எவ்வளவோ நம்பகமானவை. ஆனால் அவற்றையும் எந்த மூதாதையரின் பங்கு என்று பிரித்துப் படித்தால்தான் பொருள்.

இன்னொரு குறை இதைவிட என்னைக் கவலைப்படுத்துகிறது. இப்படி அளக்கப்படும் குறிப்பான்கள் பெரும்பாலும் எந்தப் பண்பையும் ஆளாதவை. குறிப்பான்களில் இரண்டு செடிகள் ஒன்றுபோலவே தெரியலாம். ஒன்று துருவில் இலை உதிர்த்து நிற்கும், மற்றது காய்க்கும். அதேபோல, அராபிகாவின் பெரும் எதிரியான வெள்ளைத் தண்டுத் துளைப்பானுக்கு இதில் விடையில்லை. வெயில் படும் தண்டைத் தேடித்தான் அந்த வண்டு முட்டையிடும். நிழலை ஒழுங்காக வைப்பதே தோட்டக்காரருக்குத் தெரிந்த முதல் காப்பு. நிழல் மரத்தை வெட்டிவிட்டு ரகத்தை மட்டும் நம்புவது தவறு.

மேலும், பல ஆய்வுகள் ஆராய்ச்சி நிலையங்களின் சேகரிப்பிலிருந்தே இலை பறிக்கின்றன. பட்டியலில் ரகப்பெயர் இருப்பதால் அங்கே வேலை சுலபம். தலைமுறைகளாகத் தம் விதையையே மறுபடி நட்டுவரும் ஒரு சிறு தோட்டத்தில் என்ன சேர்ந்திருக்கிறது என்பது அந்தப் பட்டியலில் வராது. கவனிக்க வேண்டியது அதைத்தான். எஸ்.795-இன் மூதாதை அராபிகா–லைபீரிகாக் கலப்பும், காவேரியின் மூதாதையான திமோர் கலப்பும் எந்த நிபுணரும் திட்டமிட்டவை அல்ல. இரண்டும் தோட்டத்தில் தானாக முளைத்தவை. யாரோ கவனித்ததால் பிழைத்தவை.

அடுத்தமுறை குறிப்பான் ஆய்வுக்குத் திட்டமிடுவோர் காபி வாரியத்தாரானாலும் பல்கலைக்கழகத்தாரானாலும், சேர்வராயன் மலையின் சிறு விவசாயிகள், மலையாளிப் பழங்குடியினர் தோட்டங்களிலிருந்தும் இலை எடுக்க வேண்டும். ஒவ்வொரு இலையோடும் அந்தச் செடிக்கு எப்போது துரு வந்தது, துளைப்பான் விழுந்ததா, எத்தனை ஆண்டாகக் காய்க்கிறது என்று வளர்ப்பவரிடம் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். முடிவு வந்ததும் அதை அவரிடமும் சொல்ல வேண்டும்.