'தெரியாது' என்ற விடை

'பெண்களுக்கு நிதி அறிவு குறைவு' என்ற தீர்ப்பின் வேரைத் தேடிப் போனால், பெரும்பாலும் மூன்று கேள்விகளிடம் வந்து நிற்போம். பொருளியலாளர்கள் அன்னாமரியா லுசார்டியும் ஒலிவியா மிட்செலும் வகுத்தவை அவை. நூறு டாலரை ஆண்டுக்கு 2 விழுக்காடு வட்டிக்குப் போட்டால் ஐந்தாண்டில் 102 டாலருக்கு மேல் கிடைக்குமா? வட்டி 1 விழுக்காடு, விலைவாசி ஏற்றம் 2 விழுக்காடு என்றால் ஓராண்டு கழித்து அந்தப் பணத்தில் இன்று வாங்குவதைவிடக் குறைவாகத்தான் வாங்க முடியுமா? ஒரே நிறுவனத்தின் பங்கு, மியூச்சுவல் ஃபண்டைவிடப் பாதுகாப்பானதா? பல நாடுகளில் கேட்டுப் பார்த்தார்கள். பெண்கள் சரியாகச் சொல்வது குறைவு. 'தெரியாது' என்பது அதிகம்.

இந்தத் 'தெரியாது'வை வெறும் அறியாமை என்று வாசிக்க நான் தயாராக இல்லை. லுசார்டி உள்ளிட்ட நால்வர் நெதர்லாந்தில் செய்து 2021இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. அதே ஆட்களிடம் அதே கேள்விகளைச் சில வாரங்கள் கழித்து, 'தெரியாது' என்ற தெரிவை நீக்கிவிட்டுக் கேட்டார்கள். பெண்கள் பலர் சரியான விடையைத் தொட்டார்கள். ஆண் பெண் இடைவெளியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்குக் காரணம் தன்னம்பிக்கைக் குறைவு என்று அவர்கள் கணக்கிட்டார்கள்.

ஆனால் தன்னம்பிக்கை என்ன, பிறவிக் குணமா? 'உனக்கு இதெல்லாம் புரியாது' என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவள், புரிந்ததையும் புரியவில்லை என்றுதான் சொல்வாள். அந்தக் குரலை விட்டுவிட்டு அவளுக்கு மட்டும் தன்னம்பிக்கை வகுப்பு எடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

நம் ஊர் ஏலச்சீட்டை எடுத்துக்கொள்வோம். இருபது பேர், மாதம் ஆயிரம் ரூபாய். இந்த மாதம் நாலாயிரம் தள்ளிப் பதினாறாயிரம் எடுப்பதா, மகளின் கல்லூரிக் கட்டணம் வரும்வரை பொறுப்பதா என்று யோசிக்கும் பெண் வட்டிக் கணக்குத்தான் போடுகிறாள். எந்தத் தேர்விலும் அதற்கு மதிப்பெண் இல்லை.

இதைச் சொல்லி மீதி மூன்றில் இரண்டு பங்கை மறைக்கக் கூடாது. கணவர் இறந்த பிறகு எந்த வங்கியில் என்ன இருக்கிறது, காப்பீட்டுப் பத்திரம் எங்கே என்று தெரியாமல் தவிக்கும் பெண்ணுக்குச் சீட்டுக் கணக்கு மட்டும் போதாது. கற்கத்தான் வேண்டும். ஆனால் பாஸ்புக்கைக் கண்ணில் காட்டாத வீட்டில் கூட்டுவட்டிச் சூத்திரம் எதற்கு உதவும்?

2023இல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில், கணவர் வெளிநாட்டில் சம்பாதித்து வாங்கிய சொத்தில் மனைவிக்கும் பங்கு உண்டு என்றது. வீட்டைப் பார்த்துக்கொண்ட அவள் உழைப்பும் அந்தச் சொத்துக்கான பங்களிப்பே என்பது அதன் நியாயம். நிதிக் கல்வி தொடங்க வேண்டிய இடம் இதுதான். முதல் கேள்வி வட்டி எவ்வளவு என்பதல்ல. பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்பது.