பாதியில் நிற்கும் வாக்கியம்

பின்லாந்துக்காரர்களின் பாஷையில் 'யொஸ்' என்று ஒரு சின்னச் சொல் உண்டு. 'மழை பெய்தால்', 'பணம் கிடைத்தால்' என்று நாம் சொல்லும்போது 'ஆல்' செய்கிற வேலையை அங்கே அது செய்கிறது. நிபந்தனை என்று ஒன்று வந்தால் பின்னாலேயே அதன் விளைவும் வர வேண்டும் என்பது இலக்கணம். ஆனால் அந்த ஜனங்கள் வீட்டிலும் டெலிபோனிலும் பேசிக்கொள்ளும்போது, பல சமயங்களில் அந்த இரண்டாவது பாதி வருவதே இல்லை.

'யொஸ் மெந்தைஸ் கஹ்வில்லே' என்கிறார் ஒருவர். சொல்லுக்குச் சொல் பார்த்தால், 'காப்பி சாப்பிடப் போனால்' என்பதற்கு மேல் இதில் ஒன்றுமில்லை. போனால் என்ன? அவர் சொல்லவில்லை, கேட்டவரும் அதற்காகக் காத்திருக்கவில்லை. 'யோ' என்கிறார், அதாவது, சரி. இருவரும் எழுந்துவிடுகிறார்கள்.

ஹெல்சிங்கியில் பணியாற்றிய மொழியியலாளர் ரித்வா லௌரி, பதிவு செய்த சாதாரணப் பேச்சுக்களை வைத்து இதை ஆராய்ந்து 2012-ல் எழுதினார். கேட்பவர்கள் இதை அரைகுறை வாக்கியமாக நடத்துவதில்லை. முழுமையான யோசனையாகவோ வேண்டுகோளாகவோ எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறார்கள் என்று காட்டினார். தலைமை வாக்கியத்தை விட்டுத் துணை வாக்கியம் தனிக்குடித்தனம் போகிற இந்த வழக்கம் பல பாஷைகளில் உண்டு. நிக்கோலஸ் எவன்ஸ் 2007-ல் எழுதிய கட்டுரையில் இதற்குக் 'கீழ்ப்படியாமை' என்று பொருள்படும் பெயரைப் பயன்படுத்தினார். பொருத்தமான பெயர்தான்.

கதை எழுதுகிறவனுக்குரிய சுயநலத்தோடு இவற்றைப் படித்த எனக்கு, 'மெந்தைஸ்' என்ற வினைச்சொல்தான் அதிகம் பிடித்தது. நடக்காததை நடந்ததாகப் பாவித்துப் பேசும் சாயல் அதில் இருக்கிறது. போகிறவர் யார் என்பது அதில் இல்லை. செய்பவரைச் சொல்லாத உருவம் அது; பேச்சு வழக்கில் 'நாம்' என்பதற்கும் அதுவே உதவுகிறது. ஆகவே யோசனை யாருடையது என்பது மங்கிவிடுகிறது. அதே சட்டத்தில் 'நீ'யை வைத்தால் வேண்டுகோள். 'நான்' வைத்தால் உதவிக்கு முன்வருதல்.

இதை வைத்து, பின்லாந்துக்காரர்கள் கூச்ச சுபாவிகள், மரியாதைக்காரர்கள் என்று சிலர் முடிவு கட்டக்கூடும். நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். சட்டைக் கையை மடக்கச் சொல்லும் டாக்டர் இந்த உருவத்தில் சொன்னாலும், நோயாளிக்கு அது உத்தரவுதான். மறுக்க இடம் இருக்கிறதா என்பதை வாக்கியத்தின் உருவம் மட்டும் தீர்மானிப்பதில்லை. யார் யாரிடம் சொல்கிறார்கள் என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கிறது.

என் சண்டை மொழிபெயர்ப்பாளர்களோடுதான். அரை வாக்கியத்தைக் கண்டால் அவர்களுக்குப் பொறுக்காது. 'காப்பி சாப்பிடப் போனால் நன்றாயிருக்கும்' என்று பூர்த்தி செய்துவிடுவார்கள். அந்த ஒரு சொல்லில் விஷயம் கெட்டுவிடுகிறது. இப்போது பேசியவரின் ஆசை வெளிப்பட்டுவிட்டது. கேட்டவர் அதை நிறைவேற்ற வேண்டும், அல்லது ஏமாற்ற வேண்டும். 'போனால் என்ன?' என்று நம் வழக்கப்படி எழுதலாம். அது இயல்பாகவும் இருக்கும். ஆனால் அந்த 'என்ன', பதில் சொல் என்று கேட்டவரைப் பிடித்து உலுக்குகிறது. இன்னும் சிலர் 'போனால்...' என்று மூன்று புள்ளி வைப்பார்கள். புள்ளிகள் தயக்கத்தின் அடையாளம். பின்லாந்துக்காரரோ தயங்கவில்லை, அவர் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்துவிட்டார். மீதி அடுத்தவரின் பங்கு.

நானாக இருந்தால் 'காப்பி சாப்பிடப் போனால்' என்று எழுதி முற்றுப்புள்ளி வைப்பேன். அடுத்த வரியில் 'சரி' என்று மற்றவரைச் சொல்லச் செய்வேன். முதல் தடவை அச்சுப்பிழை என்று வாசகர் நினைக்கலாம். மூன்றாம் தடவை அவருக்கே காது பழகிவிடும். ஒரு வாக்கியத்தை இரண்டு பேர் சேர்ந்து முடிக்கிறார்கள் என்பது அங்கே தெரிய வேண்டும். தெரியாமல் செய்கிற மொழிபெயர்ப்பில் சம்பாஷணை இருக்காது. இரண்டு பேர் மாறி மாறிப் பேசுவது மட்டும் இருக்கும்.