ஐந்து செல்கள் சொல்வதும் சொல்லாததும்

ஒரு மில்லி ரத்தத்தில் மட்டும் ஏறத்தாழ 500 கோடி சிவப்பணுக்கள் ஓடுகின்றன. அந்தக் கூட்டத்துக்குள், கட்டியிலிருந்து பிரிந்து வந்த நாலைந்து புற்றுச்செல்களைத் தேடிப்பிடிப்பது உண்மையிலேயே பெரிய சாதனை. 1869இல் ஆஸ்திரேலிய மருத்துவர் தாமஸ் ஆஷ்வொர்த், புற்றுநோயால் இறந்தவரின் ரத்தத்தில் இந்தச் செல்களைக் கண்டார். அவற்றை எண்ணும் ‘செல்சர்ச்’ கருவிக்கு அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் அனுமதி கிடைத்தது 2004இல்தான்.

செல்சர்ச்சுக்கு ஏழரை மில்லி ரத்தம் போதும். எப்கேம் என்ற புரதத்தைப் பற்றிக்கொள்ளும் காந்தத் துகள்கள், அந்தப் புரதம் உள்ள செல்களை இழுத்து ஒதுக்கும். பரவிவிட்ட மார்பகப் புற்றுநோயில் ஐந்தோ அதற்கு மேலோ கிடைத்தால் நோயின் போக்கு கடுமையாக இருக்கும். இந்தக் கணிப்பு திரும்பத் திரும்ப உறுதியாகியிருக்கிறது. ஆனால் பரவும் வேகத்தில் எப்கேமை உதிர்த்துவிடும் செல்கள் காந்தத்துக்குச் சிக்குவதில்லை. ஆகவே பூஜ்யம் என்று வந்தால் ரத்தம் சுத்தம் என்று பொருளாகாது.

இதைவிட என்னை உறுத்துவது வேறு. முதல் சுற்று கீமோவுக்குப் பிறகும் எண்ணிக்கை குறையாத 123 பெண்களை அமெரிக்க ஆய்வொன்று இரண்டு குழுவாகப் பிரித்தது. ஒரு குழுவுக்கு உடனே மருந்து மாற்றப்பட்டது, மற்றதற்குப் பழைய மருந்தே தொடர்ந்தது. 2014இல் முடிவு வந்தபோது ஆயுள் கூடியிருக்கவில்லை. ஆபத்தைச் சரியாகச் சொன்ன பரிசோதனையால் அதிலிருந்து மீளும் வழியைக் காட்ட முடியவில்லை. விளம்பரங்கள் இந்த இடைவெளியைத்தான் மறைக்கின்றன.

இப்போது சந்தை, நோய் அறிகுறியே இல்லாதவர்களை நோக்கி நகர்கிறது. இது எனக்குக் கவலை தருகிறது. செல்லுக்குப் பதிலாக ரத்தத்தில் மிதக்கும் டி.என்.ஏ.வைத் தேடும் ‘கேலரி’ பரிசோதனையை அமெரிக்காவில் ‘பாத்ஃபைண்டர்’ ஆய்வு 6,600க்கும் மேற்பட்டோரிடம் செய்து பார்த்தது. 92 பேருக்கு ‘புற்றுநோய் அறிகுறி’ என்று வந்தது. அவர்களில் 35 பேருக்குத்தான் நோய் உறுதியானது. மற்ற 57 பேர் மேல் பரிசோதனைகளுக்கு அலைந்த நாட்களின் பயம் எந்தக் கணக்கிலும் வராது. வேறு பரிசோதனையில் எளிதில் பிடிபடாத சில புற்றுநோய்களை இது காட்டிக்கொடுத்ததும் உண்மை. அதைச் சிறுமைப்படுத்த மாட்டேன்.

பணம் கட்டுவதற்கு முன் மருத்துவரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இந்தப் பரிசோதனையின் முடிவால் என் சிகிச்சையில் எது மாறும்? ‘இல்லை’ என்று வந்தாலும் மேமோகிராமை விட்டுவிடக் கூடாது. அதே ஆய்வில் ஓராண்டுக்குள் புற்றுநோய் உறுதியான 121 பேரில் ரத்தப் பரிசோதனை கண்டுபிடித்தது 35 பேரை; வழக்கமான ஸ்கிரீனிங் கண்டுபிடித்தது 38 பேரை.