வெட்டித் தைத்த காலுறை

லுட்டைட்டுகள் என்றால் இயந்திரத்தைக் கண்டாலே ஆகாதவர்கள் என்றுதான் பொதுவான நினைப்பு. ஆனால் அவர்கள் முதலில் உடைத்தது காலுறை பின்னும் தறிகளை. 1811 மார்ச்சில், நாட்டிங்ஹாமுக்குப் பக்கத்தில் ஆர்னால்ட் என்ற ஊரில், ஒரே இரவில் அறுபதுக்கும் மேற்பட்ட தறிகள் உடைபட்டன. அந்தத் தறி அவர்களுக்குப் புதிதும் இல்லை. வில்லியம் லீ என்பவர் அதே வட்டாரத்தில் 1589இலேயே செய்துவிட்ட பொறி அது. இருநூறு வருஷத்துக்கு மேலாக அதை வைத்துச் சோறு தின்றவர்கள் திடீரென்று அதையே ஏன் உடைக்க வேண்டும்?

நாட்டிங்ஹாமில் மென்பொருள் வேலை பார்க்கும் எனக்கு இந்தக் கேள்வி கொஞ்சம் சொந்த விஷயம். ஏப்ரலில் ஒரு வாரம் லீவு கிடைத்தது. காலண்டர்படி வசந்தம், வெளியே டாஃபடில் பூத்து நிற்கிறது. ஆனால் காலையில் கார்க் கண்ணாடியில் படிந்த பனியைச் சுரண்டாமல் வண்டியை எடுக்க முடியாது. அந்த வாரம் ஹீட்டர் பக்கத்திலேயே உட்கார்ந்து ஒரு ஜோடி காலுறை பின்னினேன். பின்னிக்கொண்டே 2023இல் வந்த இரண்டு புத்தகங்களையும் முடித்தேன்: பெக்கி ஆரன்ஸ்டைனின் ‘அன்ராவலிங்’, பிரையன் மெர்ச்சன்ட்டின் ‘பிளட் இன் த மெஷின்’. இரண்டுமே நல்ல புத்தகங்கள். இரண்டிலும் எது குறைகிறது என்பது கையில் இருந்த காலுறையால்தான் எனக்குப் பிடிபட்டது.

ஆரன்ஸ்டைன் கலிஃபோர்னியாக்காரர். கொரோனா முடக்கத்தின்போது ஒரு ஸ்வெட்டரை அடியிலிருந்து தானே செய்து பார்ப்பது என்று இறங்குகிறார். ஆட்டுக்கு ரோமம் கத்தரிப்பது, கழுவுவது, நூற்பது, சாயம் போடுவது, பின்னுவது என எல்லாம் அவர் கையாலேயே. கத்தரிக்கும் பகுதிதான் புத்தகத்தின் உச்சம். ஆட்டின் எடை, அது திமிறுவது, தோலைக் கிழித்துவிடுவோமோ என்ற பயம், முதுகு வலி எல்லாம் நம் உடம்புக்கு வந்துவிடுகின்றன. ஆனால் ஒவ்வொரு வேலை முடிந்ததும் அதிலிருந்து வாழ்க்கைக்கு ஒரு பாடம் எடுத்துக் கொடுத்துவிடுகிறார். இறந்துபோன அம்மா, மறதி நோயில் இருக்கும் அப்பா, கல்லூரிக்குக் கிளம்பும் மகள் என்று அவர் துக்கங்கள் உண்மையானவை. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் நூலை நூலாகவே விட்டுவைத்திருக்கலாம்.

மெர்ச்சன்ட் தொழில்நுட்பப் பத்திரிகையாளர். ‘லுட்டைட்’ என்ற சொல்லை வசவிலிருந்து மீட்பதுதான் அவர் நோக்கம், அதில் ஜெயிக்கவும் செய்கிறார். அவர்கள் எதிர்த்தது இயந்திரத்தை அல்ல, அதை வைத்துத் தங்கள் பிழைப்பை நசுக்கிய முதலாளிகளை என்பதை நாவல் போன்ற வேகத்தில் சொல்லிக்கொண்டு போகிறார். உபர், அமேசான் வரை கோடு இழுக்கிறார். ஆனால் அவருடைய மனம் ஜார்ஜ் மெல்லரிடம்தான் இருக்கிறது. யார்க்ஷயரில் கம்பளித் துணியின் மேல்மயிரைக் கத்தரித்துச் சீராக்கும் தொழிலாளி, சம்மட்டி தூக்கியவர், 1813 ஜனவரியில் தூக்கிலிடப்பட்டவர். காலுறைக்காரர்களின் தலைவரான கிரேவனர் ஹென்சனும் புத்தகத்தில் வருகிறார். மனு எழுதுகிறவர், லண்டனுக்கு அலைகிறவர். மெல்லர் பக்கத்தில் அவர் கொஞ்சம் மங்கித்தான் தெரிகிறார். எனக்கோ ஹென்சனை விட்டு நகர முடியவில்லை.

காரணம் ‘கட்-அப்’ என்று அவர்கள் திட்டிய ஒரு சரக்கு. முறையாகச் செய்த காலுறையில், கால் எங்கே பருக்கிறதோ அங்கே கண்ணியைக் கூட்டுவார்கள், எங்கே மெலிகிறதோ அங்கே குறைப்பார்கள். நான் ஊசியில் பின்னுவதிலும் அதே கணக்குதான். 64 கண்ணியில் ஆரம்பித்து, குதிகால் வந்ததும் பாதியை நிறுத்திவைத்து, மீதி 32ஐ மட்டும் போகவர பின்னி, வளைத்துத் திருப்ப வேண்டும். எங்கும் கத்தரிக்கோல் படாது. 1811இல் சில வியாபாரிகள் அகலத் தறியில் துணி மாதிரிப் பின்னவைத்து, காலுறை வடிவத்தில் கத்தரித்துத் தைத்து விற்றார்கள். பின்னலை வெட்டினால் என்ன ஆகும் என்று பின்னத் தெரிந்தவனைக் கேட்கவே வேண்டாம். வெட்டிய ஓரத்தில் ஒரு கண்ணி நழுவினால் வரிசையாகப் பிரிந்துகொண்டு ஓடும். கடையில் பார்க்க இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும், விலை மட்டும் குறைவு. வாங்கி ஏமாந்தவன் பின்னலாளியைத் திட்டுவான். அவனுக்கோ கூலியும் குறைந்தது, தறி வாடகை மட்டும் குறையவில்லை.

இந்த இடத்தை மெர்ச்சன்ட் சொல்லிவிட்டுத் தாண்டிவிடுகிறார். நின்று பார்த்திருக்க வேண்டிய இடம் இது. ஏனென்றால் சண்டை கூலிக்காக மட்டும் நடந்ததல்ல. எது காலுறை, எது காலுறை மாதிரி ஒன்று என்று தீர்ப்புச் சொல்லும் உரிமை யாருக்கு என்பதும் அதில் இருந்தது.

ஆனால் ‘வெட்டித் தைத்தால் மட்டம்’ என்று நான் சொல்லிவிட முடியாது. என் ஊர் திருப்பூர். ஊரே வெட்டித் தைப்பதில்தான் பிழைக்கிறது. நிட்டிங்கில் உருளையாகத் துணி வரும், கட்டிங் மாஸ்டர் வெட்டுவார், பவர் டேபிளில் தைப்பார்கள். ஓவர்லாக் மெஷின் வெட்டிய ஓரத்தை நூலால் சுற்றிக் கட்டிவிடுவதால் பிரியாது. ஹென்சன் கண்ணுக்கு நம் பனியன் எல்லாமே கட்-அப்தான். ஆனாலும் வருஷக்கணக்கில் உழைக்கிறது.

அம்மா பனியன் கம்பெனியில் இருபது வருஷம் செக்கிங் டேபிளில் நின்றவள். வீடியோ காலில் காலுறையைக் காட்டினேன்.

“ஏஞ்சாமி, சந்தையில நூறு ரூபாய்க்கு மூணு ஜோடி குடுக்கறாங்க. அதையப் போயி ஒரு வாரமாப் பின்னீட்டு இருக்கறயா?” என்றாள். அப்புறம் குதிகாலைக் கேமரா பக்கத்தில் காட்டச் சொன்னாள். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. “தையலே காணோமே கண்ணு… எப்படித் திருப்புன?”

புத்தக ஆசிரியர்கள் இரண்டு பேரிடமும் நான் தேடியது அந்தப் பார்வையைத்தான். விலையும் தெரியும், வேலையும் தெரியும். மலிவானதைப் பழிக்கவும் இல்லை, நல்லதைக் கண்டதும் தெரியாமல் போகவும் இல்லை.

என் வேலையும் இப்போது செக்கிங் டேபிளுக்கு வந்துவிட்டது. இரண்டு வருஷம் முன்புவரை கோடை நானே எழுதினேன். இன்று பெரும்பகுதியை ஏஐ எழுதுகிறது, நான் சரிபார்க்கிறேன். பார்க்க அழகாக இருக்கும், டெஸ்ட் எல்லாம் பாஸ் ஆகும். எங்கே கத்தரித்து ஒட்டியது என்று ஓரத்தைத் தடவிப் பார்த்தால்தான் தெரியும். சில சமயம் ஓவர்லாக் அடித்த மாதிரி கச்சிதம், சில சமயம் சுத்தக் கட்-அப். வித்தியாசம் எனக்குத் தெரிகிறது. எது போதும் என்று முடிவு செய்கிற மீட்டிங்கில் மட்டும் எனக்கு நாற்காலி இல்லை.

ஹென்சன் கேட்டது அந்த நாற்காலியைத்தான். 1812 பிப்ரவரியில் பிரபுக்கள் சபையில் பைரன் பின்னலாளிகளுக்காகப் பேசியும், தறி உடைத்தால் மரண தண்டனை என்று சட்டம் வந்துவிட்டது. ஹென்சனும் கூட்டாளிகளும் வேறு வழியில் முயன்றார்கள். தறியைத் தடைசெய் என்று கேட்கவில்லை. பின்னல் தொழிலில் நடக்கும் மோசடிகளைத் தடுக்க ஒரு மசோதா கொண்டுவர வைத்தார்கள். மக்களவையில் நிறைவேறியது. பிரபுக்கள் சபை தூக்கி எறிந்தது. உடைத்தவர்களைத் தூக்கில் போடச் சம்மதித்த அதே சபைதான் முறையாகக் கேட்டவர்களையும் திருப்பி அனுப்பியது.

மெர்ச்சன்ட்டை வாசித்தால் கோபம் வரும், அவசியமான கோபம். ஆரன்ஸ்டைனை வாசித்தால் ஒரு பொருளுக்குள் எவ்வளவு உழைப்பு அடங்கியிருக்கிறது என்று கைக்குத் தெரியும். முதலில் ஆரன்ஸ்டைனைப் படியுங்கள் என்பேன். உழைப்பின் எடை தெரியாமல் வரும் கோபம் சம்மட்டியோடு நின்றுவிடும். ஹென்சனுக்கு இரண்டும் தெரிந்திருந்தது. மசோதா தோற்ற பிறகும் அவர் ஓயவில்லை. 1831இல் பின்னலாளிகளின் வரலாற்றை அவரே எழுதி வெளியிட்டார், தறியின் பொறிநுட்பம் உட்பட. தன்னை நசுக்கிய இயந்திரத்தைப் பற்றியும் சேர்த்து எழுத உட்கார்ந்த அந்த மனிதர்தான் அடுத்த புத்தகத்துக்குக் கதாநாயகனாக வேண்டும்.