சாவியும் 'மாங்கே'யும்

மதுரையில் ஒரு விமர்சனக் கூட்டம் முடிந்து டீக்கடையில் நிற்கும்போது நண்பர் சொன்னார்: "ப. சிங்காரம் ஒரு 'நாவலிஸ்ட் மாங்கே', தோழர்."

ஆங்கில விமர்சனத்தில் புழங்கும், பிரெஞ்சிலிருந்து போன பெயரடை இது. ஆகியிருக்கக்கூடியவர், ஆனால் ஆகாமல்போனவர் என்று பொருள். பெயருக்குப் பின்னால் வந்து நிற்கும். பட்டத்தைக் கொடுத்த கையோடு பிடுங்கிக்கொள்ளும். வேர் தேடிப் போனால் லத்தீனில் 'முடமான' என்கிற சொல்லில் போய் முட்டுகிறது. 'தவறிய நாவலாசிரியர்' என்று தமிழ்ப்படுத்தினால் நம்ம ஊரில் "எப்ப எடுக்குறாங்க?" என்றுதான் கேட்பார்கள்.

முடம் யாரிடம் என்பதுதான் என் கேள்வி. சிங்காரம் எழுதியது இரண்டே நாவல். 1959இல் வந்த 'கடலுக்கு அப்பால்' கலைமகள் பரிசு பெற்றது. 'புயலிலே ஒரு தோணி' பதிப்பாளர் கிடைக்காமல் வருஷக்கணக்கில் கிடந்து 1972இல்தான் அச்சேறியது. பிறகு நாவல் இல்லை. தினத்தந்தி வேலை, மதுரை ஒய்.எம்.சி.ஏ. அறை, 1997இல் மரணம். ஜி. நாகராஜன் என்றால் குடி, கஞ்சா என்று காரணத்தை அந்த ஆளின் உடம்புக்குள்ளேயே தேடி முடித்துவிடுகிறோம். ஒழுங்காக வேலைக்குப் போய்வந்த சிங்காரத்திடம் அந்த வசதி நமக்கு இல்லை. அதனால் இந்தச் சொல் தேவைப்படுகிறது. வாசிக்காத சூழலைச் சட்டகத்துக்கு வெளியே தள்ளிவிட்டு, எழுதாதவரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் சொல்லாடல் இது.

மேலூர்ப் பக்கம், பெரியாறு பாசனத்தின் கடைமடையில், வேறொரு சொல் இருக்கிறது: சாவி. கதிர் பால் பிடிக்கிற சமயம் தண்ணீர் வராவிட்டால் பயிர் நிமிர்ந்துதான் நிற்கும், உள்ளே மணி இருக்காது. "சாவியாப் போச்சு" என்பார்கள். சொன்ன சம்சாரி விதையைத் திட்டிவிட்டு வீட்டுக்குப் போவதில்லை. மடையைப் பார்க்கப் போவார், மேமடைக்காரனோடு சண்டைக்கு நிற்பார். சொல்லுக்குள்ளேயே தண்ணீரும் அதைத் திருப்பிக்கொண்டவனும் இருக்கிறார்கள்.

ஆனால் சிங்காரத்துக்கு இதுவும் பொருந்தாது. போர்க்கால மெடானையும் பினாங்கையும் மதுரைத் தெரு நினைவுகளையும் ஒரே மூச்சில் பேசும் 'தோணி' விளைந்த கதிர். எழுதாத மூன்றாவது நாவலை வைத்து எழுதிய இரண்டாவதை அளப்பது என்ன வாசிப்பு? இன்னொன்றும் உண்டு. 'மாங்கே' என்ற இரங்கலுக்குக்கூட முதலில் யாராவது ஒருவர் நம்மைக் கவனித்திருக்க வேண்டும். எட்டாம் வகுப்போடு செங்கல் சூளைக்குப் போன பிள்ளைக்கு எந்த மொழியிலும் அந்தப் பட்டம் கிடையாது.

யோக்கியமாகப் பேசுவதானால், இந்தத் தீர்ப்பை நானும் எழுதியிருக்கிறேன். ஒரே தொகுப்போடு நின்றுவிட்ட நண்பர் ஒருவரை 'கவிஞராக மலராமல் போனவர்' என்று மதிப்புரையில் குறிப்பிட்டேன். அரிசி மில்லில் கணக்கு எழுதுகிறார். வழியில் பார்த்தபோது கோபப்படவில்லை. "ஒங்க பத்திரிகைக்கு அனுப்புன பதினோரு கவிதையும் என்னாச்சுண்ணே?" என்றார்.

இரண்டு வருஷமாக என் வீட்டுப் பரணில், ரப்பர் பேண்ட் போட்ட கட்டில் கிடந்தன. பத்திரிகை அதற்குள் நின்றுபோயிருந்தது.