கீர்த்தனையும் ஞானப்பாட்டும்

கிறித்தவ வழிபாட்டிலே பாடப்பெறும் பாட்டுக்கள் யாவும் 'துதிப்பாட்டு' என்னும் பெயருக்கு உரியனவோ என்னும் வினா பழையது. அகுஸ்தீனார் (354–430) இதற்கு மூன்று இலக்கணம் வகுத்தார். துதி இருத்தல் வேண்டும். அது கடவுளைத் துதிப்பதாதல் வேண்டும். அது பாடப்படுதலும் வேண்டும். ஒன்று குறையினும் அது துதிப்பாட்டன்று. இசைமுறை யாது, யாப்பு யாது என அவர் வினவினாரல்லர். தமிழ்க் கிறித்தவரிடையே எழுந்த வழக்கோ அவர் வினவாத அவ்விரண்டையுமே பற்றியது.

கொட்டாஞ்சேனை முதல் கிருலப்பனை, வெள்ளவத்தை வரை வாழும் சீர்திருத்தச் சபைத் தமிழர் இருவகைப் பாட்டை அறிவர். ஒன்று ஞானப்பாட்டு. 1740இல் இந்தியா வந்த பப்ரிசியுஸ் ஐயர் போன்றோர் ஜெர்மானியப் பாட்டுக்களை, மெட்டு மாறாமலே தமிழாக்கித் தந்தனர். பொருளிற் குறைவில்லை, குறை ஓசையிலேதான். அயல்மெட்டின் நீண்ட சுரம் தமிழ்க் குற்றெழுத்தின்மேல் வந்து விழும்போது குறில் நெடிலாகின்றது. 'வரம்' வேண்டுவோர் 'வாரம்' வேண்டுவாராயினர்! எனினும், கற்றோரும் கல்லாதோரும் ஒருங்கே எழுந்து ஒரே குரலிற் பாடுதற்கு ஞானப்பாட்டே எளிது என்பதை மறுத்தல் நேர்மையன்று.

மற்றையது கீர்த்தனை. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) பல்லவி, அனுபல்லவி, சரணம் என வகுத்து, இராகதாளம் அமையப் பாடினார். சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்தவர். சரபோசி மன்னரின் நண்பர். 'பெத்தலகேம் குறவஞ்சி' செய்தவர். 1820களின் பிற்பகுதியிலே, பின்வந்த குருமாருக்கும் அவருக்கும் பெரும்பிணக்கு மூண்டது. ஆலயத்தில் தமிழிசைக்கு இடமின்மையை அவர் கண்டித்தார். சாதியாசாரத்தைக் காத்தற்கும் அதே மூச்சில் வாதாடினார். முன்னதில் அவர் பக்கம் நியாயம் இருந்தது, பின்னதில் இல்லை. இரண்டையும் ஒன்றாகக் கட்டி அவரைப் புகழ்வோரும் இகழ்வோரும் ஒருங்கே தவறுகின்றனர்.

வழக்கைத் தீர்த்தது வாதமன்று, அச்சேறிய நூல். 1853இல் அமெரிக்க மதுரை மிசனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் ஐயர் கீர்த்தனைகளைத் தொகுத்து வெளியிட்டார். தொகுதியிற் சாஸ்திரியார் பாட்டுக்கள் பலவும் இடம்பெற்றன. பாட்டுக்கள் மாறவில்லை, அவற்றைக் கேட்ட செவிகளே மாறின.

கீர்த்தனைகள் பல கடவுளை விளியாது மனத்தை விளிக்கின்றன, ஆதலின் அவை போதனையேயன்றித் துதியல்ல என்பாரும் உளர். சைவ மாணாக்கர்க்கு இத்தடை வியப்பளிக்கும். நெஞ்சை விளித்துப் பாடுதல் தேவாரத்திலும் உண்டு. அகப்பொருட்கோவையாகிய திருக்கோவையாரும் எட்டாந் திருமுறையில் அடங்குகின்றது. மக்கள் காதலித்துப் பாடிய நந்தனார் சரித்திரக் கீர்த்தனைகளோ திருமுறையுள் இல்லை. பாட்டின் வடிவம் ஒன்றே அதன் தகுதியை வரையறுப்பதில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டா.

அகுஸ்தீனாரின் அளவுகோலுக்கு மெய்யாகவே அடங்காதது கத்தோலிக்கரிடையே உள்ளது. யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் (1676–1742) இயற்றிய வியாகுலப் பிரசங்கம் பெயரளவில் பிரசங்கமே. தவக்காலத்தில் அதனை ஒப்பாரி போன்ற இராகத்தோடு வாசிப்பது இலங்கை வழக்கம். ஆங்கே துதியினும் அழுகையே மிகுதி. உள்ளூர் இசைமரபை வழிபாட்டில் மதிக்க வேண்டுமென இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் விதித்தது. அவ்விதிக்கு இரு நூற்றாண்டுகளுக்கு முன்பே அந்த அழுகை தமிழிசையாக ஒலித்துக்கொண்டிருந்தது.